நமீபியாவின் பாலைவனக் கடற்கரை: சொந்தமாக வண்டியோட்டிப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்கள்

தென்மேற்கு ஆப்பிரிக்காவில், தெற்கே ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே குனேனே ஆறு வரை ஏறத்தாழ 1,570 கி.மீ. நீளத்துக்கு நமீபியாவின் அட்லாண்டிக் கரை ஓடுகிறது. கரையை ஒட்டியே நமீப் பாலைவனம். மணலுக்கும் பாறைக்கும் அடியில் வைரம், யுரேனியம், துத்தநாகம், வெள்ளீயம், உப்பு. நாட்டின் மக்கள்தொகை 30 லட்சம்தான், அதிலும் இந்தப் பக்கம் வசிப்பவர்கள் மிகக் குறைவு. முதல்முறை போகத் திட்டமிடுபவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கு வரை ஓட்டிக்கொண்டு போக முடியுமா?

முடியாது. வால்விஸ் பேக்கும் லூடரிட்ஸுக்கும் நடுவே கரையோரப் பொதுச் சாலையே இல்லை. அங்கே இருப்பது மணல்மேடுகள். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளின் வண்டித் தொடர்கள் மட்டும் அதற்குள் போய்வருகின்றன. லூடரிட்ஸுக்குத் தெற்கே வைரத் தடைப்பகுதி, வைரத்துக்காகப் பூட்டிவைத்த நிலம். வடக்கே எலும்புக்கூட்டுக் கரைப் பூங்காவிலும் பாதிக்கு மேல் தனியார் வண்டிக்கு அனுமதி கிடையாது.

அதனால் எல்லோரும் போகும் வழி ஒரு வளையம்: தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஸ்வாகொப்முண்ட் (தார்ச்சாலை, சுமார் 360 கி.மீ.), அங்கிருந்து குய்செப் கணவாய், சோலிடேர் வழியாக செஸ்ரியம் (பெரும்பாலும் சரளை, சுமார் 350 கி.மீ.), பிறகு ஆவுஸ் வழியாக லூடரிட்ஸ், கடைசியில் கீட்மன்ஸ்ஹூப் வழியாக மறுபடி விண்ட்ஹூக். பத்து இரவுகளுக்குக் குறைவாக இதைச் செய்யாதீர்கள். எலும்புக்கூட்டுக் கரையையும் சேர்த்தால் இன்னும் மூன்று இரவுகள் வேண்டும். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். சரளைச் சாலையில் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்பகுதி 40 டிகிரியைத் தொடும். அதே நாளில் கடற்கரையில் ஸ்வெட்டர் தேவைப்படும். தென்கடலிலிருந்து வரும் பென்குவேலா குளிர் நீரோட்டம்தான் காரணம். அது காற்றைக் கீழே குளிரவைத்துவிடுவதால் மேகம் எழும்பி மழையாவதில்லை, பனிமூட்டமாகவே கரையேறுகிறது. கரையில் ஆண்டு மழை 20 மி.மீ.கூடத் தேறாது. ஆனால் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் மூடுபனி இருக்கும். காலை பத்து மணி வரை எதிரே வரும் வண்டி தெரியாத நாட்களும் உண்டு. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டே ஓட்டுங்கள்.

குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, சில நாட்கள் உள்நாட்டிலிருந்து சூடான கிழக்குக் காற்று அடிக்கும். அன்று கரையும் கொதிக்கும், மணலும் பறக்கும்.

விசா, தடுப்பூசி, ஓட்டுநர் உரிமம்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். விதிமுறைகள் அடிக்கடி மாறுவதால், டெல்லியில் உள்ள நமீபியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விமானச்சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி என்று மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். போகும்போது கேட்காவிட்டாலும் இந்தியா திரும்பும்போது கேட்கக்கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு வேண்டியிருப்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

நம் உரிம அட்டையில் ஆங்கிலம் இருந்தாலும், ஆர்டிஓவில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், நமக்கு அது பெரிய ஆறுதல். இன்னொரு சின்ன வசதியும் உண்டு. நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் உள்ள பெரிய மூன்று முள் பிளக்தான் அங்கே எல்லாச் சுவரிலும் இருக்கிறது.

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

மேலே சொன்ன வளையத்துக்குக் கட்டாயமில்லை, ஆனால் எடுப்பதே நல்லது. உயரமான வண்டியும் தடித்த டயரும் சரளையில் தரும் பிடிப்பு சிறிய காரில் கிடைக்காது. சோசுஸ்ஃப்ளே என்னும் மணல்மேட்டுப் பகுதிக்குச் செஸ்ரியம் வாயிலிலிருந்து 60 கி.மீ. தார்ச்சாலை. அதன் முடிவில் உள்ள நிறுத்துமிடத்துக்கு அப்பால் 5 கி.மீ. ஆழமான மணல். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு வாடகை ஜீப் கிடைக்கும். மணலில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருந்தாலும் அந்த ஜீப்பிலேயே ஏறிக்கொள்ளுங்கள். அங்கே தினமும் யாராவது ஒருவர் அச்சு வரை புதைந்து நிற்கிறார்.

செஸ்ரியம் வாயிலுக்கு உட்பக்கம் தங்குபவர்களை விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள். வெளியே தங்கினால் சூரியன் எழுந்த பிறகுதான். மேடுகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் கருநிழலுமாக இருக்கும் வெளிச்சம் அந்த முதல் மணி நேரத்தோடு போய்விடும். முகாம் இடத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்வது அதற்காகத்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

"முழுக் காப்பீடு" என்ற சொல்லை நம்பாமல், எதற்கெல்லாம் காப்பீடு இல்லை என்ற பட்டியலைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் விடுபடுபவை நான்கு: வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தது, அடிப்பாகச் சேதம், தண்ணீர் புகுந்தது, மணல் காற்றால் பெயின்ட் உரிந்தது. நமீபியாவில் அதிகம் நடப்பவையும் இவையே. டயருக்கும் முன்கண்ணாடிக்கும் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் வேகத்தைப் பதியும் கருவி இருக்கும். சரளையில் 80ஐத் தாண்டியது பதிவானால் காப்பீடு ரத்து என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

வண்டியை எடுக்கும் இடத்திலேயே இரண்டு ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பின்தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பம்பருக்கு மேலுள்ள துளையில் கம்பியை விட்டுச் சுழற்றினால் இறங்கும். அந்தக் கம்பி வண்டியில் இருக்கிறதா, சுழற்றினால் உண்மையில் இறங்குகிறதா என்று அங்கேயே, அவர்கள் கண்முன்னே இறக்கிப் பாருங்கள். புழுதி ஏறி இறுகிப்போன சங்கிலியை நடுப்பாலையில் கண்டுபிடித்துப் பயனில்லை. ஜாக்கி, நட்டுத் திருகி, காற்றடிக்கும் கம்ப்ரசர், காற்றழுத்தமானி நான்கையும் எடுத்து இயக்கிப் பாருங்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

சுமையேற்றிய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) வண்டிக்குப் பொதுவான அளவு இது. தார்ச்சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ. சரளையில் 26 முதல் 29. ஆழ்ந்த மணலில் 17 முதல் 20. வண்டி கொடுப்பவர் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அந்த டயரும் சுமையும் அவருக்குத் தெரியும்.

காற்று அதிகமானால் டயர் கல்லாகிவிடும். கூரான சரளை அதில் அமுங்காமல் குத்தும், வண்டியும் துள்ளும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறும். அந்தச் சூட்டோடு 100இல் ஓட்டினால் பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும். எனவே காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறையுங்கள்: சரளைக்கு 80க்குள், மணலில் 40க்குள். தார்ச்சாலை ஏறியதும் ஓரமாக நிறுத்திக் காற்றை ஏற்றுங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் அதிகம்.

அழுத்தத்தை விடிகாலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

சரளைச் சாலை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் இத்தனை பேர் கவிழ்கிறார்கள்?

நன்றாக இருப்பதால்தான். அகலமான, நேரான, ஆளில்லாத சாலையில் வேகம் தானாக ஏறும். சரளை என்பது கெட்டியான தரையின் மேல் உருண்டு கிடக்கும் கல், அவ்வளவுதான். வண்டிகள் ஓடிய இரண்டு தடங்களில் கல் ஒதுங்கியிருக்கும். தடத்துக்கு வெளியே, குறிப்பாக இடது ஓரத்தில், நாலைந்து அங்குலம் குவிந்திருக்கும். ஒரு பக்கச் சக்கரம் அந்தக் குவியலில் இறங்கியதும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்டுவார், வண்டி குறுக்கே திரும்பும், சக்கரம் தரையில் கொத்தும், உருளும். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாத இந்த விபத்துதான் சுற்றுலாப் பயணிகளைக் கொல்கிறது.

சக்கரம் ஓரத்தில் இறங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் 40க்கு இறங்கிய பிறகு மெதுவாகத் தடத்துக்கு வாருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் சரளை முழுக்க ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) ஓட்டுங்கள், பின்பக்கம் வழுக்குவது நன்றாகக் குறையும்.

எதிரே வண்டி வந்தால் இடது ஓரம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். முன்கண்ணாடி உடைவது இந்த இரண்டு நொடிகளில்தான். முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் புகுந்து முந்தவே முந்தாதீர்கள், நிறுத்திப் புழுதி அடங்க விடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம். கூடு மானும் ஓரிக்ஸும் சாலைக்கு வரும் நேரம் அது. இரண்டும் எடை மிகுந்த பெரிய மான் வகைகள்.

பங்க்சர் ஆனால்?

ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான சமதரையாகப் பார்த்து நிறுத்துங்கள். வளைவிலும் மேட்டுக்குக் கீழேயும் நிற்காதீர்கள். கைபிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள், தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். ஓரடிச் சதுரத்தில் ஒரு பலகையை முதல் நாளே வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். பலகை இல்லாவிட்டால் ஜாக்கிதான் மணலுக்குள் போகும், வண்டி மேலே வராது. மாற்றும் வரை ஸ்டெப்னியை வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் மேல் விழாது. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒருமுறை முடுக்குங்கள்.

அடுத்த ஊரில் முதல் வேலை பழைய டயரை ஒட்டுவதுதான். ஸ்டெப்னி இல்லாமல் அடுத்த இருநூறு கிலோமீட்டரைத் தொடாதீர்கள்.

டீசல், தண்ணீர், பணம், போன்?

பங்க்கைக் கண்டால் நிரப்புங்கள், பாதி டேங்க் இருந்தாலும். சில ஊர்களில் எரிபொருள் லாரி வரும்வரை பங்க் காலியாக இருக்கும். கார்டு கருவி வேலை செய்யாது என்பதும் சகஜம், அதனால் ஒரு முழு டேங்க்குக்கான ரொக்கம் தனியாக இருக்கட்டும். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் இரண்டும் செல்லும், தென்னாப்பிரிக்காவில் நமீபிய டாலர் செல்லாது.

குடிக்க ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் வண்டியில் தொடாத இருபது லிட்டர். எம்டிசி (நமீபிய மொபைல் நிறுவனம்) சிம் ஊர்களில் எடுக்கும், ஊர் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் போய்விடும். ஆஃப்லைன் வரைபடத்தோடு ஒரு காகித வரைபடமும் வேண்டும். எலும்புக்கூட்டுக் கரைப் பக்கம் போகிறவர்கள் விண்ட்ஹூக்கிலேயே செயற்கைக்கோள் போன் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது. தேடி வருபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் எளிதில் கண்ணில் படும்.

உப்புச் சாலை என்றால் என்ன?

ஜிப்சம் கலந்த மண்ணில் உப்புநீர் தெளித்து இறுக்கிய சாலை. ஹென்டிஸ் பே தாண்டி வடக்கே சி 34 சாலை அப்படித்தான் போகிறது. காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை போலவே கருத்துப் பளபளக்கும், மென்மையாக ஓடும். மூடுபனி இறங்கியதும் மேல்படலம் சோப்பு போட்ட தரையாகிவிடும். தாரில் ஓட்டுகிறோம் என்று நினைத்து 100இல் போகிறவர்கள் அங்கேதான் சறுக்குகிறார்கள். ஈரமாக இருந்தால் 60க்கு மேல் போகாதீர்கள். பயணம் முடிந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இந்தச் சாலையின் இருபுறமும் சாம்பலும் செம்மஞ்சளுமாகத் தரையில் ஒட்டியிருப்பது லைக்கன், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர். மூடுபனி ஈரத்தை மட்டும் குடித்து வாழ்வது. ஒரு கைப்பிடி தண்ணீரை அதன்மேல் தெளித்தால் சில நிமிடங்களில் இதழ் விரித்துப் பச்சையாகும். ஒரு டயர் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகளுக்கு மாறாது. அந்தக் காலத்து வண்டித் தடங்கள் இன்றும் அப்படியே தெரிகின்றன. இந்தக் கரையிலுள்ள டோரோப் தேசியப் பூங்காவில் சாலையை விட்டு வண்டியை இறக்குவது குற்றமாக வைத்திருப்பது இதற்காகவும், சரளையில் முட்டையிடும் டமாரா ஆலாக் குருவிகளுக்காகவும்தான். தயவுசெய்து படம் எடுப்பதற்காகக்கூட இறக்காதீர்கள்.

எலும்புக்கூட்டுக் கரைக்குள் எப்படி நுழைவது?

தெற்கே உகாப் ஆற்று வாயில், கிழக்கே ஸ்ப்ரிங்பொக்வாசர் வாயில். உகாப் வாயிலின் கதவில் பெரிய மண்டையோட்டுச் சின்னம் வரைந்திருக்கும். ஒரு வாயிலில் நுழைந்து மறுவாயிலில் அன்றே வெளியேறக் கடவு அனுமதி அங்கேயே கிடைக்கும். பிற்பகலுக்கு மேல் விடமாட்டார்கள், எனவே முற்பகலிலேயே வாயிலில் நில்லுங்கள். கடவு அனுமதியில் டெரஸ் பே பக்கம் போக முடியாது. அங்கே தங்க முன்பதிவு வேண்டும். டோரா பே முகாம் டிசம்பர், ஜனவரியில் மட்டும் திறக்கும்.

வழியில் கேப் கிராஸ் கடல்நாய்க் கூட்டம். 1486இல் போர்ச்சுகீசியரான தியோகோ காவ் கல்சிலுவை நட்ட இடம் இது. லட்சக்கணக்கில் கடல்நாய்கள் கிடக்கும், நாற்றமும் அந்த அளவுக்கே. நவம்பர், டிசம்பரில் குட்டிகள் பிறக்கும். ஹென்டிஸ் பேக்குத் தெற்கே 14 கி.மீ.இல் ஸைலா என்ற மீன்பிடிக் கப்பல் கரைதட்டி நிற்கிறது. பழைய இரும்பாக இந்திய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, 2008 ஆகஸ்டில் மும்பைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது வடம் அறுந்து இங்கே வந்து ஒதுங்கியது. இப்போது நீர்க்காகங்களின் வீடு.

வடக்கே பால்ம்வாக் வழியாக வெளியேறினால் கால்நடைத் தடுப்பு வாயிலைக் கடக்க நேரலாம். வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர முடியாது. குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

வைரத் தடைப்பகுதிக்குள் போக முடியுமா?

1908இல் லூடரிட்ஸ் அருகே ரயில் தண்டவாளத்து மணலை அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைக் கண்டெடுத்து, மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். ஸ்டவுக் கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜெர்மன் காலனி அரசு அந்தப் பகுதியைப் பூட்டியது. 2008இல் அது ஸௌ காப் தேசியப் பூங்கா ஆனபிறகும், பெரும்பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும்.

வைரம் இங்கே உருவானதல்ல. தென்னாப்பிரிக்க உள்பகுதியின் எரிமலைப் பாறைக் குழாய்களிலிருந்து கழன்று, ஆரஞ்சு ஆற்றோடு கடலுக்கு வந்து, அலையும் கரையோர நீரோட்டமும் வடக்கே தள்ள, காற்று மணலோடு உள்ளே கொண்டுவந்தது. இத்தனை தூரம் உருண்டதில் விரிசல் விட்ட கல்லெல்லாம் நொறுங்கிவிட்டதால், மிஞ்சியதில் பெரும்பாலும் நகைத் தரமானவை. இன்று நமீபியாவின் வைரம் பெரும்பாலும் கடலடியில் கப்பல் வைத்து எடுக்கப்படுகிறது.

போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் எளிதாகப் பார்க்க முடிவது கோல்மன்ஸ்கோப். லூடரிட்ஸிலிருந்து பத்து கி.மீ.தான். 1956இல் கைவிடப்பட்ட ஊர். இடுப்பளவு மணலில் கதவுகள் பாதி திறந்தபடி நிற்கின்றன, சுவரில் பூச்சு இன்னும் நீலமாக இருக்கிறது. சாதாரணச் சீட்டுக்கு முற்பகல் மட்டும்; விடியலிலும் மாலையிலும் படமெடுக்கத் தனிச் சீட்டு. பொமோனா என்ற கைவிடப்பட்ட ஊர், போகன்ஃபெல்ஸ் கல்வளைவு ஆகியவற்றுக்கு வழிகாட்டி நிறுவனத்திடம் கடவுச்சீட்டு நகலைச் சில நாட்கள் முன்பே கொடுக்க வேண்டும், போலீஸ் சரிபார்ப்பு நடக்கும். ஆரஞ்சு ஆற்று முகத்திலுள்ள ஓரன்யமுண்ட் நகரம் 2017 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

ஆவுஸிலிருந்து லூடரிட்ஸ் வரும் பி 4 சாலையில் எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டி நடக்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. அந்த 125 கி.மீ.ஐக் காலையில் கடந்துவிடுங்கள். பிற்பகலில் தெற்குக் காற்று எழும்பி மணல்மேட்டைச் சாலைமேல் கொண்டுவரும். வேகமாக மோதினால் சுவரில் மோதுவதும் அதுவும் ஒன்றுதான்.

லூடரிட்ஸில் ஷார்க் தீவு முகாமில் தங்கலாமா?

காற்று தாங்கக்கூடியவர்களுக்குக் கடல் தெரியும் நல்ல இடம் என்று விளம்பரங்கள் சொல்லும். ஆனால் 1905 முதல் 1907 வரை ஜெர்மன் ராணுவம் ஹெரெரோ, நாமா மக்களை அடைத்துவைத்த வதைமுகாம் அதே பாறைமுனைதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குளிரிலும் பசியிலும் நோயிலும் மாண்டார்கள், நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃப்ரெடெரிக்ஸ் உட்பட. நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு 2021இல் ஒப்புக்கொண்டது. எங்கள் கருத்து: அங்கே போங்கள், நினைவுக்கல்லின் முன் நில்லுங்கள், ஊருக்குள் வந்து தங்குங்கள். அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் இடம் அல்ல அது.

யுரேனியச் சுரங்கங்கள் அருகே போனால் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

சாலையில் கடந்து போகிறவருக்குக் கவலை இல்லை. ஸ்வாகொப்முண்ட் பின்புறம் அராண்டிஸ் அருகே ரோசிங் சுரங்கம் 1976 முதல் இயங்குகிறது, ஹுசாப் சுரங்கமும் பக்கத்திலேயே. சுரங்கத்தால் நேரும் பெரிய நெருக்கடி தண்ணீர்தான். அதற்காகவே ஒரு யுரேனிய நிறுவனம் கரையில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. இந்தக் கரையில் குழாயைத் திறந்து பல் துலக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

ஸ்வாகொப்முண்ட், லூடரிட்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பு, காய், தயிர் எல்லாம் கிடைக்கும். நடுவழியில் கிடைப்பது இறைச்சியும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளக் களியும்தான். வண்டியோடு கேஸ் அடுப்பும் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். காற்றுத்தடுப்புத் தகடு இல்லாமல் கரையில் அடுப்பு எரியாது.

சாலையோரத்தில் விற்கும் கற்களை வாங்கலாமா? கீழே கிடப்பதை எடுக்கலாமா?

ஊயிஸ், ஸ்பிட்ஸ்கொப்பே பக்கம் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் அமெதிஸ்ட், டூர்மலின், குவார்ட்ஸ் விற்கிறார்கள். கையுளியால் வெட்டியெடுத்தவை, அவர்கள் பிழைப்பே அது. அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், பட்டை தீட்டாத கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சுரங்கத் துறையின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் பை திறக்கும்போது ரசீதும் அனுமதியும் ஒன்றாக இருக்கட்டும்.

பட்டை தீட்டாத வைரம் என்று யாராவது காட்டினால் கையில்கூட வாங்காதீர்கள். உரிமமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். காட்டியவர் உளவாளியாகவும் இருக்கலாம், கையில் இருப்பது கண்ணாடித் துண்டாகவும் இருக்கலாம். பூங்கா எல்லைக்குள் கல், எலும்பு, கிளிஞ்சல், விண்கல் எதையும் எடுக்கக் கூடாது.

மணலில் சிக்கிவிட்டால்?

சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியே காலை எடுங்கள். மிதிக்க மிதிக்கப் புதையும். இறங்கி, அடிப்பாகம் மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்திருந்தால் மண்வெட்டியால் முதலில் அதை விடுவியுங்கள். நான்கு சக்கரத்துக்கும் பின்னால் மணலைச் சரிவாக வாரி எடுங்கள். காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், பாதிப்பேர் இதிலேயே வெளியே வந்துவிடுவார்கள். ஃபோர் லோ (மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) போட்டு, முதலில் வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். வெளியே வந்ததும் கெட்டித் தரையில் நிறுத்தி, கம்ப்ரசரை எடுத்து, காற்றை ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.